பழைய ஹோண்டா சிபி750: ரிலே பொருத்துவதா, வயரிங்கைச் சுத்தம் செய்வதா?

1969-இல் வந்த சிபி750 மோட்டார் சைக்கிளில், பேட்டரி மின்சாரம் ஃப்யூஸ், சாவி சுவிட்ச், கைப்பிடி சுவிட்ச் அனைத்தையும் கடந்தே இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறிக்கு உயர் வோல்ட் தருவது) அடைகிறது. பச்சை பூத்த ஒவ்வோர் இணைப்பும் கொஞ்சம் வோல்ட்டை விழுங்கும். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தும் காயிலுக்கு 10.5 மட்டுமே வந்தால், அதில் சேரும் ஆற்றல் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். குளிர்காலையில் உதைத்து உதைத்துக் கால் வலிப்பது இதனால்தான்.

ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) பொருத்தினால், தனி ஃப்யூஸ் வழியாகக் காயிலுக்கு நேரடி மின்சாரம். பழைய வயர் ரிலேயை இயக்க மட்டுமே. ஒரு மாலை வேலை. ஆனால் ரிலே பழுதானால் நடுவழியில் நிற்க வேண்டும்.

இணைப்புகளைச் சுத்தம் செய்யப் பொறுமை தேவை. விளக்கும் ஹாரனும்கூடத் தெளிவடையும். நான் முதலில் இதையே செய்வேன். பிறகு, பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) மூடியிருக்கையில் அளந்து, இழப்பு அரை வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் ரிலே.