மார்க்டவுனில் தமிழ் ஸ்லைடு: லின்ட் பிடிப்பதும், கண்தான் பிடிக்க வேண்டியதும்

கடலூர், புதுச்சேரி மீனவக் கிராமங்களில் புயல் முன்னெச்சரிக்கைப் பயிற்சிக்குப் போடும் ஸ்லைடுகளுக்கு மார்க்டவுன் (சாதாரண எழுத்துக் கோப்பில் சில குறிகளால் தலைப்பு, பட்டியல் எல்லாம் காட்டும் முறை) நன்றாகவே ஒத்துவருகிறது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் நாலைந்து ஸ்லைடுகளில் தொலைபேசி எண் மாறும், தங்குமிடம் மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். எழுத்துக் கோப்பாக இருப்பதால் எந்த வரியை யார் மாற்றினார்கள் என்று கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) பளிச்சென்று தெரியும். பவர்பாயின்ட் கோப்பில் அந்த வசதி கிடையாது. இங்கே பேசுவது பெரும்பாலும் மார்க்டவுனை ஸ்லைடாக்கும் கருவியான மார்ப் பற்றி. திருத்தக்கூடிய பிபிடி (பவர்பாயின்ட் கோப்பு) கேட்பவர்களுக்காக, கோப்பு வகை மாற்றும் கருவியான பேன்டாக்கும் கொஞ்சம் வரும்.

ஆனால் மார்க்டவுன் ஸ்லைடின் தரத்தைச் சோதிப்பது என்றாலே மார்க்டவுன்லின்ட் (விதிமீறலைக் காட்டும் சோதனைக் கருவி, சுருக்கமாக லின்ட்) ஓட்டிப் பச்சை வந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். அது கோப்பைப் பார்க்கும், திரையைப் பார்க்காது. தமிழ் ஸ்லைடில் பாதிப் பழுது திரையில்தான் தெரியும்.

முதலில் ஒரு சின்ன உதாரணம். இந்தக் கடற்கரை கண்ட பேரிடர்களை இப்படி எழுதுகிறோம்:

2004. சுனாமி
2011. தானே புயல்
2015. பெருவெள்ளம்
2024. ஃபெஞ்சல் புயல்

திரையில் வருவது 2004, 2005, 2006, 2007. எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் மார்க்டவுன் அதை எண்ணிட்ட பட்டியல் என்றே எடுத்துக்கொள்ளும். முதல் எண்ணை மட்டும் மதித்து, மீதியைத் தானே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்ளும். தானே புயல் 2005இல் வந்ததாக ஒரு கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு வருவோம். இதை லின்ட் பிடிக்கும்: எம்டி029 விதி வரிசை தவறு என்று காட்டும். புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்வுக்கோடு போடலாம், இல்லையென்றால் புள்ளியை எடுத்துவிட்டு ஆண்டுக்குப் பின் ஒரு கோடு போடலாம். இரண்டாவதுதான் நல்லது. அடுத்து திருத்துபவர் பின்சாய்வுக்கோட்டைப் பார்த்து ‘இது எதற்கு’ என்று அழித்துவிடுவார்.

அடுத்தது ஸ்லைடு பிரிக்கும் மூன்று கோடு. --- என்பதற்கு மேலே ஒரு வெற்று வரி கட்டாயம். விடாவிட்டால் மேலே உள்ள வரி இரண்டாம் நிலைத் தலைப்பாக மாறும், ஸ்லைடு பிரியாது, இரண்டு ஸ்லைடின் சரக்கும் ஒன்றில் குவியும். தலைப்புப் பாணியைக் கவனிக்கும் எம்டி003 விதியை ‘ஏடிஎக்ஸ்’ (# போட்டு எழுதும் தலைப்பு) என்று நிலைப்படுத்தி வைத்தால் இது உடனே சிக்கும். கோப்பின் உச்சியில் தலைப்பு, தீம் போன்ற அமைப்புகளை யாமல் என்ற வடிவில் எழுதும் முகப்புப் பகுதியிலும் ஒரு பொறி உண்டு. ‘கடலூர்: புயல் பயிற்சி’ என்று முக்காற்புள்ளியோடு தலைப்பு கொடுத்தால் மேற்கோள் குறிக்குள் அடைத்துவிடுவதே பாதுகாப்பு. கண்டிப்பான யாமல் இலக்கணப்படி அது பிழை.

இனி லின்ட் வாயே திறக்காத இடங்கள்.

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். ஊர்ப்பெயரின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டு **கடலூர்**இல் என்று எழுதினால் தடித்த எழுத்து ஒழுங்காக வரும். மேற்கோளையும் நட்சத்திரத்துக்குள் சேர்த்து **‘புதுச்சேரி’**யில் என்று எழுதிப் பாருங்கள், நட்சத்திரங்கள் நான்கும் திரையில் அப்படியே வந்து உட்காரும். மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் நேராக ஓர் எழுத்தும் இருந்தால் அதை மூடும் குறியாக ஏற்பதில்லை என்பது காமன்மார்க் (மார்க்டவுனின் பொது வரையறை) விதி. அடைப்புக்குறி, மேற்கோள், சதவீதக் குறி எல்லாவற்றுக்கும் இதே கதை. **(2024)**இல் என்பதும் உடையும். மேற்கோளை நட்சத்திரத்துக்கு வெளியே தள்ளினால் சரியாகிவிடும். அடிக்கோட்டால் அழுத்தம் கொடுக்கவே வேண்டாம், சொல்லின் நடுவில் அது வேலை செய்யாது. சாய்வெழுத்தும் வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழில் சாய்வு வடிவமே இல்லை. உலாவி நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் காட்டும், பார்க்கச் சகிக்காது.

‘கடலூா்’ என்று ஒரு சொல் செய்தித்தளங்களிலிருந்து ஒட்டும்போது வரும். உற்றுப் பாருங்கள். கடைசியில் இருப்பது ர் அல்ல, துணைக்கால் மேல் புள்ளி. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ‘கடலூர்’ என்று தேடினால் அந்த ஸ்லைடு கிடைக்காது, சில எழுத்துருவில் நடுவே புள்ளிவட்டமும் முளைக்கும். துணைக்காலை அடுத்துப் புள்ளி வருவது தமிழில் எங்குமே கிடையாது. ஆகவே அந்த இரண்டு குறியும் அடுத்தடுத்து வரும் இடத்தை யோசிக்காமல் ‘ர்’ என்று மொத்தமாக மாற்றலாம். ஔ விஷயத்தில் அவ்வளவு தாராளம் கூடாது. ஒ, ள என்று இரண்டெழுத்தாக அடித்த ‘ஒளவையார்’ தவறு, ‘ஒளி’ சரி. கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியாக வந்திருக்கும் ‘கொ’ போன்றவற்றுக்கு என்எஃப்சி இயல்பாக்கம் (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) ஒருமுறை ஓட்டினால் போதும்.

எழுத்துருவைப் பற்றி: மார்ப்பின் இயல்பு தீம்கள் ஆங்கில எழுத்துருக்களைத்தான் பெயர் சொல்லி அழைக்கின்றன. தமிழுக்கு அந்தந்தக் கணினி தன்னிடம் இருப்பதை எடுக்கும். விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் வேறொன்று. அகலம் மாறும், வரி மடங்கும் இடம் மாறும், ஓரிடத்தில் கச்சிதமாக அடங்கியது இன்னோரிடத்தில் வழியும். எழுத்துருக் கோப்பை ஸ்லைடு கோப்புறையிலேயே வைத்து, தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் நேரடியாகச் சுட்டுவதே நிரந்தரத் தீர்வு. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் மூன்றிலும் பல தடிமன் உண்டு. மீரா இனிமை அழகுதான், ஆனால் ஒரே தடிமன். அதில் தடித்த எழுத்து கேட்டால் பூசி மெழுகியதுபோல் இருக்கும். வரி உயரம் 1.5க்குக் குறைந்தால் மேல்வரியின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் விசிறியும் இடித்துக்கொள்ளும். புதுச்சேரியில் பிரெஞ்சுத் தெருப்பெயரையும் பக்கத்தில் போடும் வழக்கம் உண்டு. அதற்கான எழுத்துரு தமிழுக்கு முன்னால் வரிசையில் இருக்கட்டும், மேற்குறிகள் ஒழுங்காக உட்காரும்.

வழிதல்தான் பெரிய தொல்லை. மார்ப் எழுத்தைத் தானாகச் சுருக்காது. 720 பிக்சலுக்குக் கீழே போனதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். துறைமுகப் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை. அதை ஒரே அட்டவணையாகப் போட ஆசை வரும். 29 பிக்சல் எழுத்து, 1.5 வரி உயரம் என்றால் ஒரு வரிக்கு 43 பிக்சல். கட்டத்தின் உள்வெளி சேர்த்தால் 55. தலைவரியோடு 12 வரி, ஆக 660. மேலும் கீழும் ஓரம் போக மிஞ்சுவது 560 சொச்சம், அதிலும் தலைப்பு உட்கார வேண்டும். 9ஆம் எண்ணுக்கு மேல் திரையில் இருக்காது. உயிர் போகிற எச்சரிக்கையே 8க்கு மேல்தான்! எழுத்தைக் குறைக்காதீர்கள். 1–4, 5–7, 8–11 என்று மூன்று ஸ்லைடாக உடையுங்கள்.

வழிதலைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, மார்ப்பின் கட்டளைவரியில் எல்லா ஸ்லைடையும் பிஎன்ஜி படங்களாக எடுத்து, கோப்புறையைப் பெரிய சிறுபடங்களாகத் திறந்து பார்ப்பது. 40 ஸ்லைடுக்கு மூன்று நிமிடம். மற்றது, பப்பட்டியரில் (உலாவியை நிரலால் இயக்கும் கருவி) பத்து வரி நிரல் எழுதி, ஒவ்வொரு ஸ்லைடின் உள்ளடக்க உயரம் ஸ்லைடு உயரத்தைவிட அதிகமா என்று கேட்பது. நிரல் வைத்தாலும் படங்களைப் பார்ப்பதை விடக்கூடாது. கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்குவதை நிரல் சொல்லாது.

கடைசி வரிசைக்குத் தெரியுமா என்பதை வீட்டிலேயே அளக்கலாம். திரை உயரம் 4 அடி, கடைசி வரிசை 32 அடி தள்ளி என்றால் 8 மடங்கு. மடிக்கணினியில் ஸ்லைடு 18 செ.மீ. உயரம் தெரிந்தால் 144 செ.மீ. பின்னால் போய் நின்று படியுங்கள். சமுதாயக் கூடங்களில் மதியம் சன்னல் வெளிச்சம் அடிக்கும் என்பதால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் நிற்கும். அடர்நிறப் பின்னணி சாயம் வெளுத்த துணிபோல் ஆகிவிடும்.

லின்ட் அமைப்பில் எதை அணைப்பது, எதை வைப்பது? வரி நீளம் பார்க்கும் எம்டி013ஐ முதலில் அணையுங்கள். ‘புதுச்சேரி’ நமக்கு 5 எழுத்து, அதற்கு 10. 80 என்ற வரம்பு தமிழில் ஏழெட்டுச் சொல்லிலேயே முட்டும். அதற்குப் பயந்து வரியை மடக்கி எழுதினால் இன்னும் மோசம்: மார்ப் ஒவ்வொரு வரி முறிவையும் திரையிலும் முறித்தே காட்டும். ஒரே முதல்நிலைத் தலைப்புதான் இருக்க வேண்டும் என்கிற எம்டி025உம் ஸ்லைடுக்கு உதவாது. ஆனால் ஒரே தலைப்பு இருமுறை வருவதைச் சொல்லும் எம்டி024 இருக்கட்டும். ‘முதலுதவி’, மறுபடி ‘முதலுதவி’ என்று போவது பெரும்பாலும் பிரிக்கச் சோம்பல்பட்ட ஸ்லைடு.

படத்துக்கு மாற்று உரை கேட்கும் எம்டி045ஐ நம்பிவிடாதீர்கள். மார்ப்பில் பின்னணி, அகலம் போன்ற அளவுச் சொற்களை அந்தச் சதுர அடைப்புக்குள்தான் எழுதுகிறோம். உள்ளே ஏதோ இருப்பதால் விதி திருப்தியாகிவிடும், விளக்கம் எழுதாதது தெரியாமலே போகும்.

தானியங்கித் திருத்தத்திலும் கவனம். மார்ப்பில் - போட்ட பட்டியல் ஒரேயடியாக வரும், * போட்டது ஒவ்வொன்றாக வரும். குறி ஒருமைப்பாடு பார்க்கும் எம்டி004ஐத் திருத்தப் பயன்முறையில் ஓட்டினால் எல்லாம் ஒரே குறியாகிவிடும், படிப்படியாகக் காட்ட வைத்த விடைகள் கேள்வியோடு சேர்ந்தே குதிக்கும். அதை அணைத்து வைப்பதே நல்லது. இன்னொன்று: கருத்துக்குறிக்குள் (திரையில் வராத குறிப்புக்கான இடம்) எழுதிவைக்கும் ‘இந்த எண்ணைச் சரிபார்க்கவும்’ போன்றவை பேச்சாளர் குறிப்பாக எச்டிஎம்எல் கோப்புக்குள் போய்விடும். வெளியே அனுப்புமுன் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பேன்டாக்குக்கு வந்தால், ஸ்லைடு நிலையை 2 என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் எந்த நிலைத் தலைப்புக்குக் கீழே நேரடியாக உரை இருக்கிறதோ அதில் உயர்ந்ததை அது தேர்ந்தெடுக்கும். யாராவது பிரிவுத் தலைப்புக்கு அடியில் ஒரு வரி சேர்த்தால் மொத்தக் கோப்பின் ஸ்லைடுப் பிரிப்பும் கலைந்துவிடும். பீமர் (லாடெக்கின் ஸ்லைடு வகை) வழியாக பிடிஎஃப் எடுப்பவர்கள் பிடிஎஃப் ஆக்கும் நிரலாக ஸீலாடெக் அல்லது லுவாலாடெக் என்று சொல்ல வேண்டும், இயல்பான பிடிஎஃப்லாடெக் தமிழைத் தாண்டாது. மார்ப் இயல்பாகத் தரும் பிபிடியில் ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு படம், எழுத்தைத் தொட முடியாது. அலுவலகங்கள் ‘எடிட் பண்ற மாதிரி கொடுங்க’ என்று கேட்கும் இடத்தில் பேன்டாக்தான்.

கூடத்துக்குக் கிளம்புமுன் ப்ரொஜெக்டர் 4:3 வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அளவை 4:3 ஆக்கினால் அகலம் 1280லிருந்து 960 ஆகும், வரிகள் மறுபடி மடங்கும், வழிதல் சோதனையை மீண்டும் ஓட்ட வேண்டும். நேரமில்லையென்றால் 16:9ஆகவே விட்டு மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு காட்டலாம். மார்ப் எச்டிஎம்எல்லுக்குள் படங்கள் இருக்காது, பக்கத்துக் கோப்புறையிலிருந்துதான் எடுக்கும். பென்டிரைவில் அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் ஏற்றிப் போனால் வரைபடம் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலி. படமும் எழுத்துருவும் உள்ளேயே இருக்கும் பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். அதை எடுக்கும்போது உள்ளூர்க் கோப்புகளை அனுமதிக்கும் விருப்பத்தையும் கொடுக்க வேண்டும், மறந்தால் அதிலும் படம் வராது.