முகச் சீரின்மைக்கான ஆலோசனை: ஊசிக்கு முன் விரல்களால் பார்த்த மருத்துவர்

இடப்பக்கத் தாடை சற்றுப் பருத்துத் தெரிவது புகைப்படங்களில் பல ஆண்டுகளாக என்னை உறுத்தி வந்ததால், முகச்சீரமைப்பு மருத்துவமனை ஒன்றில் ஆலோசனை பெற்றேன். மருத்துவர் எடுத்த எடுப்பில் ஊசியைப் பற்றிப் பேசாமல், என்னைப் பல்லைக் கடிக்கச் சொல்லி, இரு தாடைகளிலும் விரல்களை வைத்து அழுத்திப் பார்த்து, எலும்பில் வேறுபாடு இல்லை, ஒரே பக்கமாக மென்று வந்ததால் அந்தப் பக்கத் தசைதான் தடித்திருக்க வேண்டும் என்று விளக்கியது எனக்கு மிகுந்த நம்பிக்கையைத் தந்தது. முழுமையான சமச்சீர் முகம் எவருக்கும் இல்லை என்பதையும், கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் புகைப்படத்தில் இடவலம் மாறித் தெரிவதாலேயே கோணலாகத் தோன்றக்கூடும் என்பதையும் பொறுமையாகச் சொன்னார்.

தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியின் பலன் சில மாதங்களே நீடிக்கும். குறைவாக உள்ள பக்கத்தை நிரப்பத் தோலுக்கடியில் செலுத்தும் ஹையலூரானிக் அமில ஃபில்லரை (கூழ்மத்தை) தேவைப்பட்டால் கரைத்துவிடலாம். தாடை எலும்பே கோணலாக இருப்பவர்களுக்குத்தான், அதுவும் பெரும்பாலும் வளர்ச்சி நின்ற பிறகே, பல்சீரமைப்புடன் சேர்ந்த அறுவை சிகிச்சை. முகம் திடீரென ஒரு பக்கம் தொங்கினால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும் என்றும் அவர் எச்சரித்தார்.

பக்கவிளைவுகளை விளக்கும் படிவத்தைக் கையெழுத்திடும் நேரத்தில்தான் நீட்டினார்கள். அதை முன்கூட்டியே தந்திருக்க வேண்டும். அதனால் அன்று கையெழுத்திடாமல், படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.