அண்ணாச்சி சொல்லா, கை தூக்கலா, ஆடிட்டரா?

நெல்லை டவுன் ரத வீதியில் ஒரு பாத்திரக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிகள் மூன்று பேர், மூத்தவரின் மகன் என நான்கு பங்குதாரர்கள். வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளை போடலாமா என்று பேச்சு. இதை எப்படி முடிப்பது?

"பெரிய அண்ணாச்சி சொன்னா சரி" என்பது பழைய வழி. அரை மணி நேரத்தில் வேலை முடியும். கொள்முதல் விலை, யாருக்குக் கடன் கொடுப்பது மாதிரியான விஷயங்களுக்கு இதுவே போதும். ஆனால் அந்த வாடகை கட்டுப்படியாகாது என்று தெரிந்த கடைசித் தம்பி வாயே திறக்க மாட்டார். நட்டம் வந்த பிறகு, "நான் அப்பவே நினைச்சேன்" என்பார்.

கை தூக்கிப் பார்ப்பது நியாயமாகத் தெரியும். நான்கு பேரில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றுபோகலாம், அது போகட்டும். மூன்றுக்கு ஒன்று என்று முடிந்து, அந்த ஒருவர்தான் புதுக் கிளைக் கல்லாவில் உட்கார வேண்டியவர் என்றால்? ஷட்டர் தினமும் பத்தரைக்குத்தான் ஏறும். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டமே, பங்குதாரர்கள் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, அன்றாடக் காரியங்களுக்குப் பெரும்பான்மை போதும் என்கிறது; தொழிலின் தன்மையை மாற்ற எல்லோர் சம்மதமும் கேட்கிறது.

சரி, எல்லோரும் ஒப்பும்வரை பேசலாமா? சங்கரன்கோவில் சாலையில் உள்ள மானூரில் ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழைய பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபையில் எதற்கெடுத்தாலும் "அன்று, அன்று" (அல்ல, அல்ல) என்று மறுப்பவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது அது. அன்றைக்கே அலுத்துப்போயிருக்கிறார்கள்!

ஆடிட்டரையோ ஆலோசகரையோ கூப்பிடுவது இன்னொரு வழி. "அண்ணாச்சி, மகனுக்காகத்தான் இந்தக் கிளையா?" என்று அவரால்தான் கேட்க முடியும். கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நட்டத்தில் பங்கில்லாதவர் முடிவு சொல்லக் கூடாது.

என் ஓட்டு கலப்படத்துக்குத்தான். பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் என்றால் திரும்பி வந்துவிடலாம், அண்ணாச்சியே சொல்லிவிடட்டும். கடன் வாங்கி இடமே வாங்குவதென்றால் கதை வேறு. அப்போது, உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிய உத்தியைப் பயன்படுத்தலாம்: "ஒரு வருஷம் ஆச்சு, கிளையை மூடிட்டோம், ஏன்?" என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்வது. வாயால் சொல்லாததைக் கடைசித் தம்பி அதில் எழுதிவிடுவார். அப்புறம் இளையவரில் தொடங்கி ஒவ்வொருவராகப் பேச வேண்டும், அண்ணாச்சி கடைசியில். முடிவு அவருடையதே, ஆனால் மறுப்பும் நோட்டில் ஏற வேண்டும். அதற்குள் டீ இரண்டு தரம் வந்துவிடும். வரட்டும்.