மணாலி பனிச்சறுக்கு மலையேற்றம்: 68,500 ரூபாய் போனது, சேலத்து நண்பர்கள் கவனத்திற்கு

மணாலியிலிருந்து சேலம் திரும்பிய அலுப்பு இன்னும் தீரவில்லை. ஆனால், என்னை அங்கே அழைத்துப் போன அதே ஆட்கள் அடுத்த குழுவுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரத்தை இன்று காலை மறுபடியும் போட்டிருப்பதைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து மலையேற்றப் பயணங்கள் நடத்துவதாகச் சொல்லும் ஒரு நிறுவனம் என்னிடம் 68,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டது. புகார் கொடுக்கப் போவதால் பெயரை இங்கே எழுதவில்லை.

5,289 மீட்டர் உயரமுள்ள பிரெண்ட்ஷிப் சிகரத்துக்குத்தான் எல்லோரும் போகிறார்கள் என்றும், மணாலிக்கு அருகிலுள்ள பியாஸ் குண்ட் ஏரியைச் சுற்றி அதிகம் பேர் ஏறாத சிகரங்கள் இருக்கின்றன என்றும், அவற்றில் பனிச்சறுக்குப் பலகையோடு ஏறி அதே பலகையில் சறுக்கி இறங்கலாம் என்றும் சொன்னார்கள். குல்மார்க்கில் அடிப்படைப் பயிற்சி முடித்த நாளிலிருந்து நான் ஏங்கிக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

ஏற்காட்டில் ஒரு அறிமுகக் கூட்டம் நடத்தினார்கள். சேர்வராயன் கோயில் வரை நடந்துவிட்டு வந்து, விடுதி வராந்தாவில் அவர்களுடைய ஒருங்கிணைப்பாளர் பலகையின் அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போனது, எதிர்ப்பக்கம் தடவினால் உள்ளங்கையைப் பிடித்து நிறுத்தியது. "இதுதாங்கண்ணா பனியில பின்னால வழுக்காம மேல ஏத்தும்" என்றார். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ட்ரான்ஸீவர் கருவியையும் இயக்கிக் காட்டி, ஆளுக்கு ஒன்று தருவோம் என்றார். இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? அன்று மாலையே 68,500 ரூபாயையும் அனுப்பினேன்.

மணாலியில் அந்த ஒருங்கிணைப்பாளர் வரவே இல்லை. எங்களுக்குக் கொடுத்தவை வாடகைக் கடைப் பலகைகள். குதிகால் மேலே எழும்பாத, இறங்குவதற்கு மட்டுமே உதவும் பைண்டிங் (காலணியைப் பலகையோடு பிணைக்கும் பிடி) பூட்டியவை. அதைக் கட்டிக்கொண்டு மலை ஏற முடியாது. ஸ்கின் பட்டை ஒன்றுகூட இல்லை. ட்ரான்ஸீவர் குழு முழுவதற்கும் ஒன்றே ஒன்று. புதைந்தவர், தேடுபவர் இருவரிடமும் ஆளுக்கு ஒன்று இருந்தாலொழிய அந்தக் கருவியால் பயனே கிடையாது என்பதுகூட, வழிகாட்டி என்று வந்து நின்ற இளைஞருக்குத் தெரியவில்லை. புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுக்காவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறையும் இடத்துக்கு இப்படித்தான் அழைத்துப் போக நினைத்தார்கள். நாங்கள் கேள்வி கேட்டதும், பனி சரியில்லை என்று சொல்லி, சுற்றுலாப் பயணிகள் சறுக்கி விளையாடும் சோலாங் சரிவிலேயே நாட்களை ஓட்டினார்கள். ஒரு சிகரத்தின் அடிவாரத்தைக்கூட நாங்கள் மிதிக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் "ஏழு வேலை நாட்களில் வந்துவிடும்" என்றார்கள். பிறகு கணக்காளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள், பிறகு வானிலைக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்ற விதியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். பைண்டிங்குக்கும் வானிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அதற்குப் பதிலாக அடுத்த ஆண்டுப் பயணத்தில் பத்து சதவீதத் தள்ளுபடி தருவதாகச் செய்தி வந்தது. இப்போது என் எண்ணை முடக்கிவிட்டார்கள். அது 68,500 ரூபாய், மாதாமாதம் சம்பளத்தில் ஒதுக்கிச் சேர்த்த பணம்.

இனி யாரும் ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். மனம் கொதிப்பதால் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கூட வரப்போகும் வழிகாட்டி யார் என்று பெயரோடு கேளுங்கள், மணாலி அல்லது உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அவர் முடித்த பயிற்சியின் சான்றிதழைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். ட்ரான்ஸீவர், பனியில் குத்தித் தேடும் கம்பி, மண்வாரி மூன்றும் ஆளுக்கு ஒன்று என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்பே கட்டாதீர்கள். பணம் போய்விட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால் நான் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஏற்காட்டுக் கூட்டத்துக்கு வந்து பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு உடனே எழுதுங்கள்.