‘ஈயம் இல்லாதது’ என்று விற்கும் ஸ்டெயின்ட் கிளாஸ் கிட்: வாங்குவதற்கு முன் படியுங்கள்

வண்ணக்கண்ணாடித் துண்டுகளை இணைத்து வீட்டிலேயே ஸ்டெயின்ட் கிளாஸ் முகக்கண்ணாடி செய்யலாம் என்று சமூக வலைதளங்களில் ஒரு கிட் விற்கிறார்கள். 4,850 ரூபாய். விற்றவர்கள் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். காசு போனதுகூடப் பெரிதில்லை. அட்டைப் பெட்டியின் மேல் ‘ஈயம் இல்லாதது, குழந்தைகளோடு சேர்ந்து செய்யலாம்’ என்று அச்சடித்துவிட்டு, உள்ளே, துண்டுகளை இணைக்க உருக்கும் கம்பியை ஈயம் கலந்ததாக வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த வரியை நம்பி வாங்கும் வீடுகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நடுவில் முகம் பார்க்கும் வட்டக் கண்ணாடி, சுற்றிலும் இதழ் இதழாக வண்ணக்கண்ணாடித் துண்டுகள். படத்தில் அழகாகத்தான் இருந்தது. அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என் கையால் செய்து கொடுக்கலாம் என்று நினைத்தேன். இந்த வேலை எனக்குப் பழக்கமானதுதான், ஜன்னலில் தொங்கவிடுபவை, சின்ன விளக்கு மூடிகள் எல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் பாரிமுனைப் பக்கம் கடைகளில் கேட்டால் வண்ணக்கண்ணாடியைப் பெரிய ஷீட்டாகத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். ஆறு நிறத்துக்கு ஆறு ஷீட் வாங்கி வீட்டில் எங்கே வைப்பது? துண்டுகளாகவே வெட்டி வரும் கிட் எனக்கு வசதியாகப் பட்டது.

செய்முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் தேய்த்துச் சமன்படுத்தி, ஒட்டும் செம்புப் பட்டையைச் சுற்றி, உலோகம் நன்றாகப் பிடிக்க ஃப்ளக்ஸ் என்ற பூச்சைத் தடவி, சால்டர் என்ற உலோகக் கம்பியை சால்டரிங் அயர்னின் சூடான முனையால் உருக்கி இணைக்க வேண்டும். அமெரிக்காவில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃப்பனியின் பட்டறை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விளக்கு மூடிகளுக்குப் பயன்படுத்திப் பிரபலமாக்கிய முறை இது. கண்ணாடித் துண்டு கைக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை ஓரம் தேய்ப்பது. முதல் பொய் அங்கேயே தெரிந்துவிட்டது.

சிவப்புத் துண்டைத் தண்ணீர் விட்டு, கண்ணாடி ஓரம் தேய்க்கும் கிரைண்டரில் வைத்தேன். தேய்ந்த ஓரம் நிறமே இல்லாமல் சாதாரணக் கண்ணாடியாகத் தெரிந்தது. சிவப்பு மேல்பக்கத்தில் ஒரு தோல் மாதிரி மட்டும் இருந்தது, அதுவும் ஓரத்தில் செதில் செதிலாக உரிந்து வந்தது. நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சு சிவந்தது, கண்ணாடி வெளுத்தது. மற்ற ஐந்து நிறங்களும் அப்படித்தான்.

உண்மையான வண்ணக்கண்ணாடியில் நிறம் கண்ணாடியை உருக்கும்போதே சேர்ந்துவிடுகிறது. நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குத் தங்கம் அல்லது செலினியம் என்று பொருள்களைக் கலந்து செய்வார்கள். உடைத்தால் உள்ளேயும் அதே நிறம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மெல்லிய நிறப்படலம் வைத்த நல்ல கண்ணாடியும் உண்டு. ஆனால் அந்தப் படலமும் கண்ணாடிதான், எந்த ரிமூவருக்கும் கரையாது. சிவப்புக்குச் சேர்க்கும் பொருள்கள் விலை அதிகம் என்பதால் சிவப்புக் கண்ணாடி பெரும்பாலும் விலை கூடுதல். பச்சையும் சிவப்பும் ஒரே விலை என்று ஒருவர் விற்றால் அங்கேயே சந்தேகப்படலாம். பெயின்ட் அடித்த கண்ணாடியில் இந்த வேலையைச் செய்யவே முடியாது. சால்டரிங் அயர்ன் சூட்டில் பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பிவிடும்.

விற்றவரிடம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டேன். “மேடம், அது எஃபெக்ட் கிளாஸ். ஒரிஜினல் மாதிரியேதான் இருக்கும். நீங்க ஏன் ரிமூவர் போட்டீங்க?” என்றார்.

விசேஷ நாள் நெருங்கிவிட்டது. இதே வேலை செய்யும் தோழியிடம் மிச்சமிருந்த நல்ல துண்டுகளை வாங்கி வந்து வெட்டிக்கொண்டேன். கிட்டில் வந்த வட்டக் கண்ணாடியையும் கம்பியையும் மட்டும் எடுத்துவைத்தேன். அப்போதுதான் கம்பியில் சந்தேகம் வந்தது. வழக்கமான ஈயமில்லாத கம்பி இவ்வளவு சுலபமாக ஓடாது, இவ்வளவு பளபளப்பும் வராது. 60 பங்கு வெள்ளீயமும் (டின், இது ஈயம் இல்லை, வேறு உலோகம்) 40 பங்கு ஈயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்து 190-க்குள் முழுதாக உருகிவிடும். ஈயம் இல்லாமல் 99.3 சதவீதம் வெள்ளீயமும் மீதி செம்பும் கலந்தது உருக 227 டிகிரி வேண்டும்.

ரிச்சி தெருவில் நல்ல கம்பெனியின் ஈயமில்லாத கம்பி ஒன்று வாங்கி வந்தேன். சால்டரிங் ஸ்டேஷனில் சூட்டை 200 டிகிரிக்கு வைத்து, அதே முனையில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். புதுக் கம்பி விறைத்துக்கொண்டு நின்றது. கிட்டில் வந்தது தொட்டதும் உருண்டு முத்தாக விழுந்தது. ஒவ்வொரு முறையும் இதேதான். அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

ஈயம் கலந்த கம்பியைப் பயன்படுத்துவது குற்றமில்லை. ஸ்டெயின்ட் கிளாஸ் செய்பவர்கள் பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஈயம் என்று தெரிந்தால் கையுறை போடுவோம், குழந்தைகளைப் பக்கத்தில் விடமாட்டோம், சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செய்யமாட்டோம். ‘இல்லை’ என்று பொய் சொல்லி விற்றால் இதில் எதையும் யாரும் செய்யமாட்டார்கள். குழந்தைகளுக்கு இந்த அளவு ஈயம் வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைத் தெரிந்துகொண்டே ஒருவர் அந்த வரியை அச்சடித்தார் என்றால் எனக்கு மனசே ஆறவில்லை.

புதுக் கம்பியை வைத்து வேலையை முடித்து அக்கா வீட்டு ஹாலில் மாட்டியாயிற்று. சில வாரங்களில் அக்கா போன் செய்தாள். “கண்ணாடியில புள்ளி புள்ளியா கறுப்பா வருதுடி, துடைச்சாலும் போகல.”

போய்ப் பார்த்தால் ரசம் போயிருக்கிறது. கண்ணாடியின் ஓரத்தை நான் வழக்கம்போல நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசி அடைத்துவிட்டுத்தான் செம்புப் பட்டை ஒட்டினேன், ஃப்ளக்ஸில் இருக்கும் அமிலம் உள்ளே இறங்காமல் இருக்க. ஓரம் சுத்தமாகவே இருந்தது. நடுவில்தான் புள்ளிகள், அதுவும் வரிசையாக. பின்னால் அவர்களே ஒட்டி அனுப்பியிருந்த பலகையைப் பெயர்த்தேன். பசை வைத்த இடமும் புள்ளி விழுந்த இடமும் அப்படியே பொருந்தின. பசையிலிருந்து வினிகர் வாடை அப்போதும் வந்தது. காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் மலிவான சிலிகான் அது. முகம் பார்க்கும் கண்ணாடியின் ஒரு சதுர மீட்டருக்குப் பின்னால் இருப்பது ஏறக்குறைய ஒரு கிராம் வெள்ளிதான். அதன் மேல் பூசிய பெயின்ட்டைத் தாண்டி அமிலம் இறங்கினால் தாங்காது. கண்ணாடிக்கு, காயும்போது இந்த அமிலத்தை விடாத, ‘நியூட்ரல் க்யூர்’ என்று போட்ட சிலிகான்தான் வைக்க வேண்டும். கண்ணாடிக் கடைப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

இதற்கும் பதில் வந்தது: “உங்க ஊர்ல ஈரப்பதம் ஜாஸ்தி மேடம்.” அப்புறம், பிரித்த பெட்டிக்குப் பணம் திரும்பத் தர மாட்டோம் என்று ஒரு செய்தி. அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. ஆன்லைன் விற்பனைக்கு 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். பெட்டி, பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் தூக்கிப்போடாதீர்கள். என்னை பிளாக் செய்த அன்றே அந்த ‘ஈயம் இல்லாதது’ விளம்பரப் படத்தையும் எடுத்துவிட்டார்கள். என்னிடம் நகல் இருக்கிறது.

இதே மாதிரி கிட் வேறு வேறு பெயர்களில் வருகிறது. வாங்குவதாக இருந்தால் பணம் அனுப்பும் முன் ஒரு துண்டை உடைத்து, ஓரத்தை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். கம்பிச் சுருளின் லேபிளைப் படம் கேளுங்கள். கலவை விகிதமும் தயாரித்தவர் முகவரியும் இல்லாத சுருள் என்றால் வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிச் செய்தவர்கள் பயந்துவிடாதீர்கள். சால்டரிங் சூட்டில் ஈயம் ஆவியாகி மூக்கில் ஏறுவதில்லை, எழும் புகை ஃப்ளக்ஸுடையது. அதையும் சுவாசிக்க வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் உள்ளே போவது பெரும்பாலும் கையில் ஒட்டி வாய்க்குப் போவதால்தான். வேலை செய்த மேஜையை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் போட்டுவிடுங்கள், பெருக்காதீர்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செய்த பொருளை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். குழந்தைகள் அந்தக் கம்பியைத் தொட்டு விளையாடியிருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.