ஒன்பது வருடம், ஒரு வாளி பித்தளை: சுட்ட தோட்டா ஓடுகளைத் தரம் பிரித்த அனுபவம்

டெக்சாஸில் எங்கள் வீட்டு கராஜில், கார் நிற்க வேண்டிய இடத்தில் பாதியை ஒரு மேசையும் சில வாளிகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2016-இல் ரீலோடிங் தொடங்கினேன். சுட்டு முடித்த பித்தளை ஓட்டில் புது பிரைமர் (ஓட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), புது வெடிமருந்து, புதுக் குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போவேன். போனால் 150 தோட்டாவாவது தீரும். பெரும்பாலும் 9 மி.மீ., கொஞ்சம் .45 ஏசிபி; இரண்டும் கைத்துப்பாக்கித் தோட்டாவின் அளவுகள். இந்தக் கணக்கில் இதுவரை 35,000 ஓடுகளாவது கையில் புரண்டிருக்கும்.

முதலிலேயே ஒன்று. ஊரிலிருந்து படிப்பவர்கள் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே இது மீன் பிடிப்பதைப் போலப் பலரும் செய்யும் பொழுதுபோக்கு. இந்த அனுபவமும் இந்த ஊருக்கானது.

ஆரம்பத்தில் நான் கவலைப்பட்டதெல்லாம் மருந்தின் அளவைப் பற்றித்தான். ஓடு வெறும் பாத்திரம்தானே, தேய்த்துக் கழுவினால் போதும் என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் அந்த நினைப்பு கலைந்தது. ரேஞ்சில் ஒரு குண்டு வழக்கம்போலப் போனது, சத்தத்திலும் வித்தியாசம் இல்லை. அடுத்த தோட்டா மட்டும் அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்துக்குள், முழுதாக ஏறவில்லை. துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு பாதியில் நின்றது. கழற்றிப் பார்த்தால், முந்தைய ஓட்டின் பின்பாதிதான் வெளியே விழுந்திருக்கிறது. முன்பாதி மோதிரம் மாதிரி அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குக் காயம் இல்லை, துப்பாக்கிக்கும் சேதம் இல்லை. ஆனால் அன்று மேற்கொண்டு சுடக் கை வரவில்லை.

பக்கத்து லேனில் சுடும் பெரியவர் ஒருவர், லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உடைந்த துண்டை வாங்கி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். உட்சுவரில் பாதி உயரத்தில் ஒரு படிக்கட்டு. அடிப்பக்கம் தடிப்பாக வந்து, ஓரிடத்தில் சட்டென்று மெலிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் இடத்தைக் குறைப்பதற்காகச் சில தயாரிப்பாளர்கள் ஓட்டை இப்படிச் செய்கிறார்கள். ஒருமுறை சுட்டால் பிரச்சினை இல்லை. உப்பிய ஓட்டை மறுபடி பழைய அளவுக்கு அழுத்தி, மறுபடி சுட்டால், அந்தப் படி விளிம்பில்தான் வெட்டுப்படும். வெளியே பார்த்தால் மற்ற 9 மி.மீ. ஓட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் அதைத் தரையிலிருந்து பொறுக்கியிருந்தேன். யார் சுட்டது, எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, ஒன்றும் தெரியாது.

இந்த ஒன்பது வருடத்தில் நான் தெரிந்துகொண்டது என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பலமுறை சுட்ட ஓட்டுக்கு நான் பயப்படுவதில்லை. பூர்வீகம் தெரியாத ஓட்டுக்குத்தான் பயம். என்னுடைய .45 ஓடுகளில் ஒரு தொகுதிக்கு அடியில் பச்சை மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். 18 முறை சுற்றி வந்துவிட்டன, இன்னும் ஓடுகின்றன. .45-இன் உச்ச அழுத்தம் 21,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தான். 9 மி.மீ.க்கு அது 35,000. கார் டயரில் இருப்பதைப் போல ஆயிரம் மடங்கு. இத்தனை அழுத்தத்தில் ஓடு உப்பி, அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைத்து, அடுத்த கணமே கொஞ்சம் சுருங்கி வெளியே வர வேண்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அந்த வேலையைச் செய்யும். அதன் நெகிழ்வு போய்விட்டதா என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்ணைவிடக் காது வேகமாகக் கண்டுபிடிக்கிறது. சந்தையில் பானை வாங்கும்போது அம்மா விரலால் சுண்டிப் பார்ப்பார்களே, அதேதான். ஐந்தாறு ஓடுகளை உள்ளங்கையில் போட்டு மெல்லக் குலுக்கினால் எல்லாம் கணீரென்று மணி மாதிரி ஒலிக்கும். நடுவே ஒன்று ‘டொக்’ என்று ஒலித்தால் கூட்டத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. முதலில் நான் இதை நம்பவில்லை. இப்போது வாளியைக் கவிழ்க்கும்போதே தெரிந்துவிடுகிறது. எல்லா விரிசலையும் இது காட்டிக்கொடுக்காது; அடியில் உண்டாகும் மெல்லிய கீறல் நன்றாகவே ஒலிக்கும். அதனால் காதுக்குத் தப்பியதைக் கண் பார்க்க வேண்டும்.

விரிசல் எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பயமும் மாறும். வாய்ப்பக்கம் நீளவாக்கில் பிளந்தால் அது வயோதிகம். ஒவ்வொரு முறையும் வாயை விரித்து, மறுபடி இறுக்கி, பித்தளை கெட்டிப்பட்டுப் போனதன் விளைவு. நிக்கல் பூசிய ஓடுகளில் இது சீக்கிரம் வரும். தூக்கிப் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம். உடம்பில் பிளவு இருந்தால், அதே தொகுதியில் மற்றவற்றையும் ஒருமுறை பார்ப்பேன். அடித்தடிப்புக்குச் சற்று மேலே, சுற்றிவர மினுங்கும் கோடு தெரிந்தால் அன்றைக்கு வேலை நிற்கும். அந்தத் தொகுதி முழுவதும் குப்பை. அப்படி இரண்டே முறை செய்திருக்கிறேன். மனைவி கேட்டார், “ஒரு ஓட்டுக்காக 200 ஓட்டையா போடுறீங்க?” ஆமாம், போட்டேன்.

பிரைமர் குழியைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் குறை. அதிக அழுத்தத்தில் சுட்ட ஓட்டின் அடி விரிந்துபோகும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால்தான் உணர முடியும். நான் பிரைமரை இன்றும் கைக்கருவியால் வைப்பது இதனால்தான். வேகமாக வைக்கிற பெரிய பிரஸ் நண்பர்களிடம் இருக்கிறது, மொத்தமாக வேலை செய்ய வசதிதான். ஆனால் கையில் பிடித்து அழுத்தும்போது ஒவ்வொரு ஓடும் எவ்வளவு எதிர்க்கிறது என்று தெரியும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அந்த ஓடு முடிந்தது. மாறாக, வழக்கத்துக்கு மீறி முரண்டு பிடித்தால், அது வட்டத்துக்குள் சிலுவை முத்திரை குத்திய நேட்டோ ஓடாக இருக்கும். பிரைமர் விழாமலிருக்க ராணுவத் தொழிற்சாலை குழியின் விளிம்பை நசுக்கி வைத்திருக்கிறது. அந்த விளிம்பைச் செதுக்கி எடுத்தால் பயன்படுத்தலாம், ஆபத்தில்லை. .45-இல் இன்னொரு தொல்லை: சில ஓடுகளுக்குச் சிறிய பிரைமர், சிலவற்றுக்குப் பெரியது. பிரித்து வைக்காமல் பிரஸ்ஸில் போட்டால் நசுங்கும், வெடிக்கவும் கூடும்.

மற்றபடி கலப்படம். ரேஞ்ச் தரையிலிருந்து அள்ளிய வாளியில் .380 ஓடு 9 மி.மீ. கூட்டத்துக்குள் தங்கை மாதிரி ஒளிந்துகொள்ளும். நீளம் இரண்டு மில்லிமீட்டர் குறைவு, அவ்வளவுதான். 9 மி.மீ. ஓடு .40-க்குள் புகுந்துகொள்ளும், .40 போய் .45-க்குள் புகுந்துகொள்ளும். சுடாத முழுத் தோட்டா ஒன்றிரண்டும் கிடைத்திருக்கின்றன. எனவே முதல் தரம்பிரிப்பு எப்போதும் வெறும் கையால், நல்ல வெளிச்சத்தில், டிவி இல்லாமல்.

.40 ஸ்மித் அண்ட் வெஸன் ஓடுகளை நான் சுத்தமாக விட்டுவிட்டேன். 1990-இல் அந்தத் தோட்டா வந்த காலத்துப் பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் அறையின் கீழ்ப்பகுதி ஓட்டை முழுதாகத் தாங்காது. சுட்டபின் ஒரு பக்கம் தொப்பை விழுந்திருக்கும். அந்தத் தொப்பையை அமுக்கிச் சரிசெய்யும் கருவி சந்தையில் உண்டு, வேலையும் செய்கிறது. அளவு சரியாகிவிடும், உண்மை. ஆனால் ஒருமுறை அத்தனை தூரம் நீண்டு திரும்பிய உலோகம் பழைய உலோகம் ஆகிவிடுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். என் துப்பாக்கியில் .40 இல்லை என்பதால் இந்தச் சந்தேகத்தோடு நிம்மதியாக இருக்கிறேன்.

கழுவுதலில் நான் பட்டபாடு தனிக்கதை. ஓடுகளை ஆட்டிச் சுத்தம் செய்கிற எந்திரத்துக்கு டம்ளர் என்று பெயர், அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது, “காபி டம்ளரா இந்த சத்தம் போடுது?” என்றார். வால்நட் ஓட்டுத்தூளும் மக்காச்சோளக் கட்டைத்தூளும் போட்டு இரண்டு மணி நேரம் ஆட்டினால் கரி போய்விடும். கரிக்குள் விரிசல் ஒளிந்திருக்கும் என்பதால்தான் கழுவுகிறோம், அழகுக்கு அல்ல. பிறகு எஃகு ஊசி போட்டு நீரில் கழுவும் எந்திரம் வாங்கினேன். நகைக்கடை மினுக்கம். ஊசி ஒன்று ஓட்டுக்குள் தங்கிவிடுமோ என்ற பதற்றத்தில் இரண்டே வருடத்தில் விற்றுவிட்டேன்.

அம்மாவோ, “குத்துவிளக்குக்குப் போடுற மாதிரி புளி போட்டுத் தேய்டா” என்றார். யோசனையில் தவறில்லை, நீரில் கழுவுகிறவர்கள் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள், அதுவும் புளிப்புதான். ஆனால் நான் அதை ராத்திரி முழுக்க ஊற வைத்துவிட்டேன். காலையில் ஓடுகள் ரோஜா நிறத்தில் இருந்தன. புளிப்பு அதிகமானால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் தெரியும். மேலோட்டமான நிறமாற்றம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. நான் 300 ஓட்டையும் போட்டுவிட்டேன்.

பித்தளைப் பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், அமோனியா கலந்திருந்தால். இதற்குப் பின்னால் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் ராணுவம் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழைக்காலம் வந்தால் சுடாமலேயே ஓடுகள் பிளந்தன. பருவத்தில் வருவதால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் ஈரமும், பித்தளைக்குள் மிச்சமிருந்த இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1920-களின் தொடக்கத்தில்தான் ஆய்வில் நிறுவப்பட்டது. என் கராஜில் பூனை மணல் தட்டு ஓட்டு வாளிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் கதையைப் படித்த அன்றே இடம் மாற்றினேன்.

தீயில் கிடந்த ஓடும் அப்படித்தான். முகாம் நெருப்புக்குள் விழுந்த ஓடுகளை ஒருவர் இலவசமாகக் கொடுத்தார். வானவில் நிறத்தில் பளபளத்தன. குறடால் அடிப்பக்கத்தை அழுத்தினால் கனிந்த பழம் மாதிரி அமுங்கியது. அடிப்பகுதி கெட்டியாக இருந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும். சூடு அந்தக் கெட்டித்தனத்தைத் தின்றுவிடுகிறது.

2020-21 தட்டுப்பாட்டில் 3 சென்ட்டுக்கு வாங்கிய பிரைமர் 10 சென்ட்டைத் தாண்டியது. பித்தளைக்கு மட்டும் பஞ்சமில்லை. ஆனால் கலந்து கட்டிய வாளிகளை ‘ஒரே முறை சுட்டது’ என்று விற்றவர்களிடம் நானும் ஒருமுறை ஏமாந்தேன். அந்த வாளியில் படிக்கட்டு ஓடு 14 இருந்தது, டார்ச் அடித்து எண்ணினேன்.

முடித்த தோட்டாவுக்கும் ஒரு சோதனை உண்டு. குண்டு முனையை மேசையில் கட்டைவிரல் பலத்தோடு அழுத்துவேன். குண்டு உள்ளே இறங்கினால் ஓட்டின் பிடிப்பு போய்விட்டது. 9 மி.மீ. போன்ற சிறிய ஓட்டில் குண்டு கொஞ்சம் இறங்கினாலும் அழுத்தம் வேகமாக ஏறும். பிறகு கழற்றிய குழலின் அறைக்குள் போட்டுப் பார்ப்பேன், ‘டங்’ என்று விழுந்து, திருப்பினால் தானாக வெளியே வர வேண்டும். இதற்கென்று அளவு பார்க்கும் கேஜ் ஒன்றும், 25 டாலருக்கு வாங்கியது, இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் வேண்டும் என்றால் குழலையே வைத்துக்கொள்வேன்.

கடைசியாக, இது பிரைமரில் ஈயம் உள்ள வேலை. நான்காம் வருடம் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம் காட்டியது. டம்ளரை வெளியே வைத்து, மூடியைத் திறக்கும்போது முகக்கவசம் போட்டு, தூளை ஈரமாக்கியபின் கொட்டத் தொடங்கினேன். அடுத்த வருடம் 4-க்கு வந்தது.

கழித்த ஓடுகளைக் குறடால் நசுக்கித்தான் வாளியில் போடுகிறேன். வாய் திறந்திருந்தால் யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள். முதலில் நானே எடுப்பேன். போன மாதம் அந்த வாளி நிறைந்தது. பழைய உலோகக் கடையில் எடை போட்டு 22 டாலர் கொடுத்தார்கள்.