பகடை ராத்திரியா, கர்ணன் ராத்திரியா?

தருமபுரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. எல்லா ராத்திரியும் விழித்திருக்க யாராலும் முடியாது. மறுநாள் காட்டில் வேலை கிடக்கும். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற பேச்சு வீட்டுக்கு வீடு வரும். பெரும்பாலும் கர்ணன் சாகும் கூத்தான கர்ண மோட்சம்தான் ஜெயிக்கும். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் அதற்குக் கூடும் கூட்டத்தில் பாதிகூட, தருமர் சூதில் தோற்றுத் திரௌபதியின் துகிலை உரியும் பகடை துகிலுக்கு வராது.

இரண்டையும் பல வருடம் பார்த்தவன் நான். விதியால் செத்தவன் கர்ணன், தன் கையால் கெட்டவர் தருமர் என்று ரொம்ப நாள் பிரித்து வைத்திருந்தேன். இப்போது அந்தக் கணக்கு எனக்கு உதைக்கிறது.

முதலில் கர்ணன். விதிக்கு இவனைவிட நல்ல சாட்சி கிடையாது. பிறந்ததும் ஆற்றோடு போனான். வேண்டிய நேரத்தில் மந்திரம் மறந்துபோகும் என்று பரசுராமர் சாபம். தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் என்று இன்னொரு சாபம். கவச குண்டலத்தை இந்திரன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இத்தனையும் அவன் மேல் வந்து விழுந்தவை. ஆனால் திரையை விலக்கி அவன் களத்துக்கு வந்தபிறகு நடப்பவற்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். நீ மூத்தவன், ராஜ்யம் உனக்குத்தான் என்று கண்ணன் சொல்லியாகிவிட்டது. குந்தியே வந்து கூப்பிட்டாகிவிட்டது. போகவில்லை. போகாததோடு, நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல் விடமாட்டேன் என்று அவளுக்கு வாக்கும் கொடுக்கிறான். குறி தப்பிய நாகம் திரும்பி வந்து இன்னொரு தரம் விடு என்று கெஞ்சும்போது மாட்டேன் என்கிறான். சாகும் நேரத்தில் பிராமணனாக வந்து நிற்கும் கண்ணனுக்குத் தன் புண்ணியத்தை ரத்தத்தால் தாரை வார்க்கிறான். விடிகாலை நாலு மணிக்குப் பாயில் உட்கார்ந்து பெண்கள் மூக்கைச் சிந்துவது இந்த இடங்களில்தான். சாபத்துக்கு யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

கிரேக்கத்து ஈடிபஸும் இந்த வகைதான். தகப்பனைக் கொன்று தாயை மணப்பான் என்பது பிறக்கும் முன்பே சொல்லப்பட்ட விதி. ஆனால் சோஃபோக்ளிஸ் எழுதிய நாடகம் தொடங்கும்போது அதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நாம் பார்ப்பது ஒரு விசாரணை. கேட்காதே என்கிறார் குருட்டு ஜோசியர். கேட்காதே என்று மன்றாடுகிறாள் அவன் மனைவி யொகாஸ்டா. இவன்தான் விடாமல் கேட்கிறான். கடைசியில் கண்ணைக் குத்திக்கொண்டு வந்து, இந்தத் துன்பத்தைக் கொண்டுவந்தது அப்பொல்லோ, குத்திய கை என்னுடையது என்கிறான்.

இனி பகடை. இங்கே சாபம், அசரீரி எதுவும் தேவைப்படவில்லை. அழைப்பு வருகிறது, ஒரு மனிதர் போய் உட்கார்கிறார். விதுரர் எச்சரிக்கிறார், தம்பிகள் தடுக்கிறார்கள், எதிரில் இருப்பவன் சகுனி என்று ஊருக்கே தெரியும். நாடு போகிறது, தம்பிகள் போகிறார்கள், தன்னையே வைத்துத் தோற்கிறார், பிறகு அவளை வைக்கிறார். தன்னைத் தோற்றவருக்கு என்னை வைக்க என்ன உரிமை என்று திரௌபதி கேட்கும் கேள்விக்குப் பீஷ்மரிடமே நேரான பதில் இல்லை. வியாசரில் இன்னும் மோசம்: எல்லாம் திருப்பிக் கொடுக்கப்பட்ட பிறகு, இரண்டாவது அழைப்புக்கும் போய் ஆடுகிறார். பன்னிரண்டு வருட வனவாசமும் ஒரு வருட அஞ்ஞாதவாசமும் அப்படி வந்தவைதான். 1912ல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்ட பாரதிக்கு நாட்டை வைத்துத் தோற்கும் இடத்திலேயே பொறுமை போய்விடுகிறது. கோயில் பூசை செய்பவன் சிலையை விற்றது போல என்று தருமரைச் சீச்சீ போடுகிறார்.

இதையெல்லாம் ராஜாக்கள் கதை என்று எனக்கு ஒதுக்கிவிட முடிவதில்லை. ஒரு போர்வெல் பொய்த்ததும், விட்டதைப் பிடிக்க அடுத்த போர்வெல்லுக்கு நகையை அடகு வைத்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு. மழை இல்லாதது விதி, சரி. மூன்றாவது போர்வெல்?

ஒருமுறை தருமர் வேஷக்காரர் 'எல்லாம் விதிப்படி' என்று விருத்தத்தை இழுத்து முடித்ததும், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே விழுந்தான்: "ஏஞ்சாமி, விதிக்கா கை இருக்குது, காய உருட்ட?" கூட்டம் சிரித்தது. எனக்கு அன்றைக்குத்தான் பொறி தட்டியது. விதி எவ்வளவு, மனிதன் எவ்வளவு என்று எடை போடுவதைவிட, விதி என்ற சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்று கவனித்தால் போதும்.

கர்ணனைப் பற்றி மற்றவர்கள் எல்லாரும் விதி என்கிறார்கள். நான் பார்த்த கூத்துகளில் அவன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பிப்பதில்லை. சிலப்பதிகாரத்தில் 'வினைவிளை காலம் ஆதலின்' என்று பாண்டியனுக்காகச் சாக்குச் சொல்பவர் இளங்கோ. பாண்டியன் சொல்வது 'யானோ அரசன் யானே கள்வன்'. மறுபக்கம் தருமர். அவரோடு ஷேக்ஸ்பியரின் மெக்பெத்தையும் உட்காரவைக்கலாம். ராஜாவாவாய் என்றுதான் சூனியக்காரிகள் சொன்னார்கள், கொலை செய் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்று தன் வாரிசுகளுக்கும் ஆரூடம் கேட்ட பாங்க்வோ யாரையும் கொல்லவில்லை. கடைசியில் மெக்பெத் திட்டுவது அந்தப் பேய்களை.

இதோடு கர்ணன் கட்சி ஜெயித்தது என்று எழுந்து போகலாம்தான். ஆனால் வியாசரின் சூது மண்டபத்தில் கர்ணனும் இருக்கிறான். திரௌபதியை இழிவாகப் பேசி, துணியை உரி என்று துச்சாதனனுக்குச் சொல்பவன் அவன். அதற்கு எந்தச் சாபமும் காரணம் இல்லை. கர்ண மோட்சத்தன்று அதை யாரும் பாடுவதில்லை. அழ வந்த கூட்டத்துக்கு அது வேண்டாம். பகடை துகிலுக்கு வராதவர்களுக்குக் கர்ணன் கடைசிவரை சுத்தமாகவே இருப்பான்.

அதனால் ஒரு ராத்திரிதான் விழிக்க முடியும் என்றால் நான் பகடைக்குப் போகச் சொல்வேன். இரண்டு முடியும் என்றால் பகடையைப் பார்த்துவிட்டுக் கர்ணனுக்கு வாருங்கள். கர்ணன் அன்றைக்குச் சாயங்காலமே வந்து பாயைப் போட்டுவிடுங்கள்; பத்து மணிக்கு மேல் வந்தால் நிற்கத்தான் இடம் கிடைக்கும்.